கால்வாயும் களவும்

பொதுப்பணத்தைக் களவாடுபவன் நள்ளிரவில் கன்னக்கோல் எடுத்து வருவதில்லை. பட்டப்பகலில், இஞ்சினீயர் கையொப்பமிட்ட மதிப்பீட்டுடன், அதிகாரிகள் அங்கீகரித்த கண்டிராக்டுடன், சட்டசபை ஒதுக்கிய மானியத்துடன் அவன் பொக்கிஷத்தின் முன்வாசல் வழியாகவே நுழைகிறான். காவலன் அவனுக்கு வணக்கம் செலுத்துகிறான். கணக்கன் நாற்காலி போடுகிறான். ஊரார் அவனைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து மாலையிடுகிறார்கள். இவ்வளவும் சட்டப்படியே நடைபெறுகிறது. இதை மிகைபடக் கூறுவதாக எண்ணுவோர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்தில் ஈரிக் கால்வாய் நிர்வாகம் அடைந்த கதியைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். அன்னிய தேசத்துப் பழங்கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு, கட்டுரையின் முடிவிலே விடை கூறுவோம்.

ஈரிக் கால்வாய் ஜனங்களின் பணத்தால் ஜனங்களுக்காகவே வெட்டப்பட்டது. ஹட்ஸன் நதிக்கரையிலுள்ள ஆல்பனி நகரையும் ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரையும் இணைக்கும் 363 மைல் நீளமுள்ள இந்த நீர்வழியை அமைக்க மத்திய சர்க்கார் ஒரு காசும் உதவவில்லை. உள்நாட்டுப் பாதைகளுக்கும் கால்வாய்களுக்கும் பணம் ஒதுக்கிய மசோதாவை ஜனாதிபதி மாடிஸன் 1817 மார்ச்சில் நிராகரித்துவிட்டார். ஆயினும் நியூயார்க் ராஜ்யம் பின்வாங்கவில்லை. தன் சொந்தப் பொறுப்பில் கடன் வாங்கி, அதே ஆண்டு ஜூலை 4-ந் தேதி ரோம் என்னும் ஊரில் முதல் மண்ணை வெட்டியது. 1825 அக்டோபரில் வேலை முடிந்தது. 40 அடி அகலமும் 4 அடி ஆழமும் உள்ள வாய்க்கால். படகுகளை ஏற்றி இறக்க 83 லாக்குகள். செலவு சுமார் 70 லட்சம் டாலர். காடும் சதுப்பு நிலமும் பாறையும் நிறைந்த பிரதேசத்தில், நீராவி இயந்திரங்களின் உதவியின்றி, மனிதர்களும் மாடுகளும் குதிரைகளும் சேர்ந்து எட்டு ஆண்டுகளில் செய்து முடித்த வேலை அது.

அதன் பயன் உடனே தெரிந்தது. பஃபலோவிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு ஒரு டன் சரக்கை அனுப்புவதற்கு முன்பு சுமார் 100 டாலர் கூலியாயிற்று. கால்வாய் திறந்தபின் அது 10 டாலருக்கும் கீழே இறங்கிற்று. மேற்கே விளைந்த கோதுமை கிழக்கே வந்தது. கிழக்கே செய்த சாமான்கள் மேற்கே சென்றன. ராச்செஸ்டர், சிரக்யூஸ், யூட்டிகா முதலிய ஊர்கள் கால்வாய்க் கரையிலே நகரங்களாக எழுந்தன. சுங்க வருமானமோ கடனைத் தீர்த்து மிச்சமும் வைத்தது. பொதுச் சொத்து ஒன்று இவ்வளவு பலன் தருமாயின், அதைச் சுற்றி ஈக்கள் மொய்ப்பதும் இயற்கையே.

கால்வாயின் தந்தை என்று போற்றப்படும் டிவிட் கிளின்டனுக்கே அந்த அனுபவம் நேர்ந்தது. ஊதியமின்றி அவர் வகித்துவந்த கால்வாய்க் கமிஷனர் பதவியிலிருந்து, 1824-ல், அவருடைய அரசியல் எதிரிகள் அவரை நீக்கினார்கள். வேலை முடிகிற தறுவாயில், அதன் புகழ் அவருக்குச் சேரக்கூடாதென்பதே நோக்கம். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த ஆண்டே அவரைக் கவர்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1825 நவம்பரில் ஈரி ஏரியின் நீரை நியூயார்க் துறைமுகத்தில் ஊற்றியவர் கவர்னர் கிளின்டன்தான். இச்சம்பவம் பின்னால் நடந்தவற்றுக்கு ஒரு முன்னறிகுறி. கால்வாய் என்பது வெறும் நீர்வழியன்று, அது ஒரு கட்சி ஆயுதம் என்பதை அரசியல்வாதிகள் அப்போதே கண்டுகொண்டார்கள்.

எத்தனை உத்தியோகங்கள்! சுங்கம் வசூலிப்போர், லாக்குகளைத் திறந்து மூடுவோர், கரையைக் காவல் செய்வோர், பகுதி மேற்பார்வையாளர், இஞ்சினீயர், அவர்களுக்குக் கீழே கூலிவேலை செய்யும் பெருங்கூட்டம். ஆட்சிக்கு வரும் கட்சி தன் ஆட்களை அமர்த்தும். மறுகட்சி வந்ததும் அவர்கள் வெளியேற, இவர்கள் நுழைவார்கள். லாக்குக்காரனுடைய வேலை அவனுடைய வோட்டைப் பொறுத்திருந்தது. அவனுடைய வோட்டு மட்டுமன்று, அவன் சேர்த்துவரும் வோட்டுக்களையும் பொறுத்திருந்தது.

இதற்குப் பரிகாரமாக 1846-ம் வருஷத்து அரசியல் சட்டம் கால்வாய்க் கமிஷனர்கள் மூவரையும் ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று விதித்தது. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் விளைவு வேறாக முடிந்தது. கமிஷனர் பதவிக்கு அபேட்சகரை நிறுத்துவது கட்சி. கட்சிக்குப் பணம் கொடுப்பது கண்டிராக்டர். கண்டிராக்டருக்கு வேலை கொடுப்பது கமிஷனர். சக்கரம் பூர்த்தியாயிற்று. தேர்தல் என்ற பெயர் மாத்திரம் இருந்தால் போதாது, தேர்ந்தெடுக்கப்படுபவன் யாருக்குக் கடன்பட்டவன் என்பதையும் பார்க்கவேண்டும் என்ற பாடத்தை நியூயார்க் ஜனங்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்கள்.

1836-ல் தொடங்கிய கால்வாய் விஸ்தரிப்பு வேலை 1862-ல்தான் முடிந்தது. நாற்பதடி வாய்க்கால் எழுபதடியாயிற்று. நாலடி ஆழம் ஏழடியாயிற்று. எட்டு வருஷத்தில் வெட்டிய கால்வாயை அகலப்படுத்த இருபத்தாறு வருஷம்! பணமுடையால் 1842-ல் வேலையை நிறுத்திவைக்க வேண்டி வந்ததும், வேலை கடினமானதும் இதற்குக் காரணங்கள்தாம்; மறுக்கவில்லை. ஆனால் வேலை முடியாமலிருப்பதே சிலருக்கு லாபமாக இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. முடிந்துபோன வேலையிலே கண்டிராக்டருக்கு என்ன கிடைக்கும்?

விஸ்தரிப்பு முடிந்ததும் மராமத்து ஆரம்பித்தது. கரை சரிந்தது, சுவர் பெயர்ந்தது, மதகு பழுதுற்றது என்று ஆண்டுதோறும் சட்டசபையில் மானியக் கோரிக்கை வந்துகொண்டேயிருந்தது. சாதாரண மராமத்துக்கு அப்பால் "விசேஷ மராமத்து" என்றொரு தலைப்பு வகுக்கப்பட்டது. அந்த இரண்டு சொற்களுக்குள்ளேதான் ஒரு கூட்டத்தார் வீடு கட்டிக் குடியேறினார்கள். கண்டிராக்டர்கள், இஞ்சினீயர்கள், உத்தியோகஸ்தர்கள், சட்டசபை அங்கத்தினர் ஆகியோரடங்கிய அக்கூட்டத்தை நியூயார்க் ஜனங்கள் "கால்வாய் வளையம்" என்று அழைத்தார்கள். வளையத்துக்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை. எங்கே தொட்டாலும் அடுத்தவனைக் காட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

வளையத்தார் பணத்தை எடுத்த உபாயத்தை விளக்கமாகச் சொல்லவேண்டியது நமது கடமை. ஏனெனில் ஊழல், ஊழல் என்று பொதுவாகக் கூச்சலிடுவதால் எந்தக் கள்வனும் அஞ்சமாட்டான். கணக்கைப் படிக்கத் தெரிந்தவனைக் கண்டால்தான் அஞ்சுவான்.

வேலையைக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்பவனுக்கே கொடுக்கவேண்டுமென்பது சட்டம். இஞ்சினீயர் ஒவ்வொரு வகை வேலையும் எவ்வளவு என்று மதிப்பிட்டு விளம்பரம் செய்வார். டெண்டர் போடுகிறவன் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விலை குறிப்பான். எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி, குறைந்த மொத்தம் யாருடையதோ அவனுக்கு வேலை. பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்கமுடியுமா?

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்தவை. மண் வெட்டு 10,000 கன கஜம், பாறை வெட்டு 100 கன கஜம் என்று இஞ்சினீயர் விளம்பரம் செய்கிறார். நாணயஸ்தன் ஒருவன் மண்ணுக்கு 30 சென்டும் பாறைக்கு 2 டாலரும் கேட்கிறான். மொத்தம் 3,200 டாலர். வளையத்தைச் சேர்ந்தவன் மண்ணுக்கு 10 சென்டும் பாறைக்கு 15 டாலரும் கேட்கிறான். மொத்தம் 2,500 டாலர். குறைந்த தொகை அவனுடையதே. சட்டப்படி வேலை அவனுக்கே. மண்ணை இவ்வளவு மலிவாக வெட்டுகிறானே என்று பத்திரிகைகள்கூடப் பாராட்டலாம். ஆனால் வேலை ஆரம்பித்த பிறகு இஞ்சினீயர் மறுபடியும் அளந்து பார்க்கிறார். ஆச்சரியம்! அங்கே மண் 1,000 கன கஜந்தான் இருக்கிறது. பாறையோ 5,000 கன கஜம்! இப்போது கண்டிராக்டருக்குச் சேரவேண்டியது 75,100 டாலர். அதே வேலைக்கு நாணயஸ்தனுடைய விலைப்படி ஆகக்கூடியது 10,300 டாலர். கண்டிராக்டில் ஓரெழுத்தும் மாறவில்லை. சட்டத்தில் ஒரு பிரிவும் மீறப்படவில்லை. சர்க்கார் பணத்தில் 64,800 டாலர் மாத்திரம் காணாமற்போயிற்று.

இதற்கு வேண்டியது ஒன்றே: விளம்பரத்திலுள்ள மதிப்பீடு பொய் என்பது டெண்டர் போடும்போதே ஒருவனுக்கு மாத்திரம் தெரிந்திருக்கவேண்டும். இஞ்சினீயர் காதோடு காதாகச் சொன்னால் போதும். பாறைக்குப் பதில் சுவரை வைத்தும் இந்த ஆட்டத்தை ஆடலாம். சரிவான கற்சுவர் வேண்டுமென்று விளம்பரம் செய்து, அதற்கு மலிவு விலை வாங்கி, பிறகு சரிவுச் சுவர் வேண்டாம், செங்குத்துச் சுவரே உறுதி என்று திட்டத்தை மாற்றிவிடுவார்கள். செங்குத்துச் சுவருக்குக் கண்டிராக்டர் குறித்திருக்கும் விலை வானத்தைத் தொடும். திட்டத்தை மாற்றுவதற்கு வேண்டிய மானியத்தைச் சட்டசபை கொடுக்கும். சட்டசபையிலே அவனுடைய நண்பர்கள் இருந்தார்கள். சில சமயம் அவனே இருந்தான்.

இங்குதான் உள்ளூர்ப் பிரமுகர் என்ற பாத்திரம் அரங்கத்துக்கு வருகிறார். ராச்செஸ்டர் நகருக்கு அருகே கால்வாய்க் கரையிலேயே அமைந்த பிட்ஸ்போர்டு என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜார்விஸ் லார்டு என்பவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். அவர் தொழில் கால்வாய்க் கண்டிராக்டு. மன்றோ கவுண்டி வாக்காளர் அவரைச் சட்டசபையின் கீழ்சபைக்கு அனுப்பினார்கள். பின்னர் 1870 முதல் சில ஆண்டுகள் மேல்சபையிலும் அவர் அமர்ந்திருந்தார். அவருடைய புதல்வரும் கீழ்சபை அங்கத்தினராயிருந்தார். கால்வாய்க்கு எவ்வளவு பணம் ஒதுக்குவதென்று தீர்மானிக்கும் மண்டபத்தில், கால்வாய் வேலையால் பொருளீட்டும் ஒருவர் வோட்டுக் கொடுக்கிறார். இது ரகசியமன்று, ஊரறிந்த விஷயம். கால்வாய் வளையத்தைப் பற்றிப் பேசியோரும் எழுதியோரும் அவருடைய பெயரைத் தவறாமல் குறிப்பிட்டார்கள். அப்படியிருந்தும் ஒருமுறைக்கு மேல் ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அவர்கள் எல்லோரும் மூடர்களோ, கையூட்டு வாங்கியவர்களோ அல்லர். உள்ளூர்க் கண்டிராக்டர் என்றால் ஊரிலே நூறு பேருக்கு வேலை கொடுப்பவர். பனிக்காலத்திலே கால்வாய் மூடப்பட்டுப் படகோட்டிகளுக்கு வருமானமில்லாதபோது, கரை மராமத்து வேலைதான் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தது. கல் கொடுப்பவன், மரம் கொடுப்பவன், வண்டி ஓட்டுபவன், கூலியாட்களுக்குச் சாப்பாடு போடுபவன் ஆகிய அனைவருடைய பிழைப்பும் அவர் கையிலிருந்தது. செலவாகும் பணமோ ராஜ்யம் முழுவதிலிருந்தும் வரியாக வருகிறது. அதில் தங்கள் பங்கு ஒருவருக்குச் சில சென்டுகளே. வருகிற லாபம் கண்ணுக்கெதிரே தெரிகிறது. போகிற நஷ்டம் யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. ஊழல் நிலைத்து நிற்பது கெட்டவர்களின் சாமர்த்தியத்தால் மட்டுமன்று. இத்தகைய நல்லவர்களின் கணக்குப் பிழையாலுமாகும்.

ஜார்விஸ் லார்டு ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். இன்னொருவரைப் பார்ப்போம். ஜேம்ஸ் பெல்டன் என்பவர் கால்வாய் திறக்கப்பட்ட 1825-ம் ஆண்டிலேயே ஆனண்டாகா கவுண்டியில் பிறந்தவர், சிரக்யூஸ் நகரின் பிரமுகர், பெரிய கண்டிராக்டர், குடியரசுக் கட்சிக்காரர். மேடையிலே இரு கட்சிகளும் ஒன்றையொன்று கீரியும் பாம்பும்போலச் சீறிக்கொண்டிருந்தன. கால்வாய்க் கரையிலே அவை ஒரே பந்தியில் அமர்ந்து உண்டன. ஒரு கட்சி தோற்றாலும் வளையம் தோற்பதில்லை. கட்சி மாறினால் ஊழல் ஒழியும் என்று நம்பி வோட்டளித்தவர்கள், பாத்திரத்தை மாற்றினார்களேயொழிய பண்டத்தை மாற்றவில்லை.

எதிர்ப்பு முன்பே எழாமலில்லை. 1868-ல் கால்வாய்க் கமிஷனர் ஒருவர்மீது சட்டசபை குற்றஞ்சாட்டி விசாரணை நடத்திற்று, அவர் விடுவிக்கப்பட்டார். அவ்வளவுடன் விஷயம் ஆறிப்போயிற்று. வளையத்தை உண்மையில் அசைத்தவர் 1875 ஜனவரியில் கவர்னராகப் பதவியேற்ற ஸாமுவேல் டில்டன். அவர் ஒரு வக்கீல். ரயில்வே கம்பெனிகளின் வழக்குகளை நடத்திப் பெரும் பொருள் சேர்த்தவர்; அவரைத் துறவி என்று நாம் சொல்லவரவில்லை. நியூயார்க் நகர நிர்வாகத்தைக் கொள்ளையடித்த ட்வீட் என்பவரின் கூட்டம் 1871-ல் பத்திரிகைகளால் அம்பலப்படுத்தப்பட்டபோது, பாங்குக் கணக்குகளை வரிவரியாகப் படித்துப் பணம் சென்ற வழியைக் காட்டியவர் இவர். ட்வீட் இவருடைய கட்சிக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது. அந்த வேலையை இவர் சற்றுத் தாமதமாகவே தொடங்கினார் என்று குறை கூறியோரும் உண்டு. அக்குறையில் நியாயமில்லாமலில்லை. ஆனால் தொடங்கியபின் விடவில்லை.

1875 மார்ச் 19-ந் தேதி டில்டன் சட்டசபைக்கு ஒரு விசேஷச் செய்தி அனுப்பினார். அதிலே ஆவேசமான வசனங்களைத் தேடுவோர் ஏமாந்துபோவார்கள். அது ஒரு கணக்கு. பத்துக் கண்டிராக்டுகளை எடுத்துக்கொண்டார். டெண்டரில் ஒப்புக்கொண்ட விலைகளின்படி அவற்றின் மொத்தத் தொகை சுமார் 4 லட்சத்து 24 ஆயிரம் டாலர். அவற்றுக்காக அதுவரை கொடுக்கப்பட்டிருந்ததோ சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர். ஏறக்குறைய மூன்றேமுக்கால் மடங்கு! நாம் மேலே விவரித்த தந்திரத்தை அவர் சட்டசபைக்குப் படிப்படியாக விளக்கினார். அச்செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் அந்தத் தந்திரத்தை அவருக்கே கற்பித்திருக்கக்கூடியவர்கள்.

டில்டன் பணயம் வைத்தது சிறிதன்று. அவருடைய கட்சியின் பலம் கால்வாய்க் கரை ஊர்களிலும் இருந்தது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி தேர்தல். அவர் அபேட்சகராக நிற்கக்கூடியவர். வீட்டுக்குள்ளேயே நெருப்பு வைக்காதே, தேர்தல் முடியட்டும் என்று புத்தி கூறுபவர்களுக்கு எந்தக் கட்சியிலும் பஞ்சமில்லை. அப்புத்திமதியை அவர் கேட்கவில்லை. நால்வர் கொண்ட விசாரணைக் கமிஷனை நியமித்தார். அதன் தலைவர் ஜான் பிகெலோ. பத்திரிகாசிரியராயிருந்து பிரான்ஸ் தேசத்தில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவர். கமிஷனர்கள் நேராகக் கரைக்கே சென்றார்கள். கட்டியதாகக் கணக்கெழுதிய சுவரை அளந்தார்கள்; வெட்டியதாகக் கணக்கெழுதிய பாறையைத் தேடினார்கள். காகிதத்தையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் முதலில் ஆராய்ந்து அறிக்கை அனுப்பியது டெனிசன், பெல்டன் கம்பெனியாரின் கண்டிராக்டைப் பற்றியே. பணத்தைத் திரும்பப் பெற ராஜ்யம் அக்கம்பெனியார்மீது வழக்குத் தொடுத்தது.

அவ்வாண்டுக் கோடையில் டில்டன் கால்வாய்க் கரை ஊர்களுக்கே சென்று ஜனங்களிடம் பேசினார். வளையத்தின் கோட்டையான ஊர்களிலே நின்று வளையத்தைப் பற்றிப் பேசினார். நவம்பர்த் தேர்தலில் ஜனங்கள் விடை கூறினார்கள். விசாரணைக் கமிஷனின் தலைவர் பிகெலோவை ராஜ்யக் காரியதரிசியாகவும், கமிஷன் அங்கத்தினரான வான் ப்யூரனை ராஜ்ய இஞ்சினீயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். மறுவருஷம், 1876 நவம்பரில், அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கால்வாய்க் கமிஷனர் பதவிகள் ஒழிந்தன. கவர்னர் மேல்சபையின் சம்மதத்துடன் நியமிக்கும் ஒரே மராமத்து அதிகாரியின்கீழ் நிர்வாகம் வந்தது. பொறுப்பை மூவரிடையே பங்கிட்டால் குற்றத்தையும் மூவரிடையே பங்கிட்டுக்கொள்ளலாம். ஒருவரிடம் வைத்தால் தப்ப இடமில்லை. ஜனங்களின் வோட்டைக் குறைத்தது ஜனநாயகமா என்று கேட்கலாம். கவர்னரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஜனங்களே. யாரைக் கேள்வி கேட்கவேண்டுமென்பது தெளிவாகத் தெரிவதே ஜனங்களின் வோட்டுக்கு மதிப்பைக் கொடுக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இன்பமாக இருக்கும். சரித்திரம் அவ்வளவு தாராள மனமுடையதன்று. வழக்குகள் பல தொடரப்பட்டன. தண்டனையில் முடிந்தவை மிகச் சிலவே. இது வழக்குமன்றத்தின் குற்றமன்று. சட்டத்தின் வடிவத்தையே கவசமாக அணிந்து நடந்த கொள்ளையில், எந்தப் பிரிவு மீறப்பட்டதென்று சுட்டிக்காட்டுவது எளிதன்று. கையொப்பங்கள் சரி, அளவுகள் இஞ்சினீயர் கொடுத்தவை, பணம் அதிகாரிகள் வழங்கியது. இன்னார் இன்னாருக்கு இன்ன இரவில் இன்னது சொன்னார் என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியோ வளையத்துக்குள்ளேதான் இருக்கிறான். நீதிபதி சந்தேகத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். வாக்காளனுக்கு அந்தக் கடமை இல்லை. வழக்குமன்றத்தில் தண்டிக்க முடியாதவனைப் பொக்கிஷத்தின் அருகே விடாமலிருப்பதற்கு அவன் ஒருவனே போதும்.

வாக்காளர் என்ன செய்தார்கள்? விசாரணை நடந்து இரண்டு ஆண்டுகள் கழிந்ததும், 1877-ல், பெல்டன் சிரக்யூஸ் நகரத்தின் மேயரானார். பின்னர் 1887-லிருந்து 1895 வரை அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தார். 1897-ல் மீண்டும் சென்றார். அவருடைய சிரக்யூஸ் வாழ்க்கையில் ஊருக்குச் செய்த நன்மைகளும் இருந்திருக்கும். அவற்றை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ராஜ்யம் தன் பணத்தைக் கேட்டு வழக்காடிய கம்பெனியின் பங்காளிக்கு, அந்த நினைவு மங்கு முன்னரே, நகரத்தின் சாவியைக் கொடுத்தது ஊராரின் பெருந்தன்மையா, மறதியா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

டில்டனோ 1876 ஜனாதிபதி தேர்தலில் எதிரியைவிடச் சுமார் இரண்டரை லட்சம் வோட்டு அதிகம் பெற்றும், தகராறுக்குள்ளான ராஜ்யங்களின் வாக்குகளைத் தீர்மானிக்க அமைத்த கமிஷன் 8-க்கு 7 என்று பிரிந்து தீர்ப்பளித்ததால், 184-க்கு 185 என்ற கணக்கில் பதவியை இழந்தார். அந்தக் கமிஷன் கட்சிப் பிரகாரமே பிரிந்தது. கால்வாயிலே கட்சி பாராமல் நடந்தவர், வாஷிங்டனிலே கட்சிக்கணக்கால் வீழ்ந்தார்.

இன்னும் ஒன்று. 1895-ல் நியூயார்க் ஜனங்கள் கால்வாயை ஆழப்படுத்த 90 லட்சம் டாலர் கடனுக்குச் சம்மதித்தார்கள். 1898-க்குள் பணம் முடிந்துவிட்டது, வேலை முடியவில்லை. மீண்டும் விசாரணை; மீண்டும் கூக்குரல். அப்போதிருந்த கவர்னரை அவருடைய கட்சியே மறுமுறை நிறுத்தத் துணியாமல், தியோடர் ரூஸ்வெல்டை நிறுத்த வேண்டியதாயிற்று. டில்டன் அடைத்த உடைப்பு இருபத்துமூன்று வருஷத்துக்குள் வேறிடத்தில் வாய் திறந்தது. கரையை ஒருமுறை கட்டிவிட்டு வீட்டிலே படுத்துறங்கலாம் என்று எந்தக் குடியானவனும் நினைப்பதில்லை. ஜனநாயகக் கரைக்கு மட்டும் அந்த விதி பொருந்தாதா?

இப்போது, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அமெரிக்க ஊழல்களைக் காட்டி, ஜனங்கள் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் இதுதான் கதி என்று சொல்லும் மேதாவிகள் முன்பும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். 1888-ல் அமெரிக்க ஆட்சிமுறையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட ஆங்கிலேயர் ஜேம்ஸ் பிரைஸ், அமெரிக்கரின் பெரிய தோல்வி நகர நிர்வாகமே என்று மதிப்பிட்டார். அவருடைய மதிப்பு நேர்மையானது. ஆனால் அதைப் பிறர் பிடித்துக்கொண்டு, ஆகையால் சுயராஜ்யம் கூடாது என்று முடிவு கட்டுவது விபரீதம். நியூயார்க்கில் திருடியவர்கள் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பது உண்மை. திருட்டைக் கண்டுபிடித்தவரும் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரே என்பதும் அதே அளவு உண்மை. கவர்னரின் கணக்கு அச்சேறிற்று. யாரும் வாங்கிப் படிக்கலாம். கமிஷன் பகிரங்கமாக விசாரித்தது. ஜனங்கள் வோட்டுப் போட்டு அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். பொறுப்பற்ற ஆட்சியில் ஊழல் இல்லை என்பவன், அங்கே கணக்குக் கேட்பவன் இல்லை என்பதை மறந்து பேசுகிறான். சுயராஜ்யம் திருடனை ஒழிக்கும் என்று நாம் என்றும் சொன்னதில்லை. வீட்டுக்காரனுக்கு விளக்கேற்றும் உரிமையைக் கொடுக்கும் என்றுதான் சொன்னோம். விளக்கை ஏற்றாமல் இருட்டைப் பழிப்பது அவனுடைய குற்றம்.

ஆகவே இக்கதையிலிருந்து பொதுவாழ்வில் ஈடுபட்ட நமது நண்பர்கள் கொள்ளவேண்டிய முடிவுகள் மூன்று என்போம். முதலாவது: பொதுவேலையில் கண்டிராக்டு எடுப்பவனும், அவ்வேலைக்குப் பணம் ஒதுக்குபவனும் ஒருவனாகவோ ஒரே குடும்பமாகவோ இருக்கலாகாது. இதை மனிதனுடைய யோக்கியதையைப் பொறுத்து விடக்கூடாது. யோக்கியனையும் கெடுக்கும் ஏற்பாடு அது. இரண்டாவது: டெண்டரின் மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். வேலை முடிந்தபின் கொடுத்த தொகை என்ன, எந்த வகையில் அளவு மாறிற்று, மாற்றியவர் யார் என்று கேளுங்கள். ஆரம்ப எஸ்டிமேட்டுக்கும் இறுதிப் பில்லுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் கள்வன் வசிக்கிறான். கவர்னர் டில்டனுக்கு எந்த மந்திரமும் தெரியாது. இரண்டு எண்களை அருகருகே எழுதத் தெரிந்தது. அது நமது கிராமத்து உபாத்தியாயருக்கும் தெரியும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது: நம் கட்சிக்காரன், நம் ஊரான், நமக்கு வேலை கொடுப்பவன் என்ற காரணத்தால் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. எதிர்க்கட்சியின் ஊழலைக் கண்டு கொதிப்பதற்குத் தேசபக்தி வேண்டியதில்லை. அது யாருக்கும் இயல்பாக வரும். தன் கட்சியில் உள்ளவனின் கணக்கைத் தானே முதலில் கேட்பவனிடந்தான் தேசபக்தி இருக்கிறது. கட்சியின் பெயர் கெடுமே என்று தயங்குகிறவர்கள், பெயர் கெடுவது திருடியதாலா, திருட்டைச் சொன்னதாலா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வார்களாக.

பிட்ஸ்போர்டு வாக்காளன் தன் ஊருக்கு வேலை வந்ததென்று மகிழ்ந்தான். வந்த வேலைக்கு மற்ற ஊர்களும் வரி கொடுத்தன; மற்ற ஊர்களுக்குப் போன வேலைகளுக்கு அவனும் வரி கொடுத்தான். தன் வலக்கையில் வாங்கியதைவிட அதிகமாக இடக்கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அவனுக்குத் தெரிய ஒரு கவர்னரின் கணக்கு வேண்டியிருந்தது. கவர்னர் வந்து கணக்குச் சொல்லும்வரை நாமும் காத்திருக்கவேண்டுமா? நம் ஊரில் அடுத்த முறை ஒரு கரை கட்டப்படும்போது, நம்மில் இருவர் கயிறெடுத்துச் சென்று அதை அளந்து பார்த்தால் போதும்.